பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கும் முறை உண்டு: டெல்டாவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணத்தை அடுத்து, அரசலாற்றங்கரையில் ஒரு பழைய தெருவில் நாங்கள் குடியேறிய முதல் வாரம். விடியற்காலை நாலேகால் மணிக்குப் படுக்கையறைச் சுவர் முனக ஆரம்பித்தது. காதில் கேட்டதைவிட உடம்பில் உணர்ந்ததுதான் அதிகம். தலையணையை மாற்றிப் போட்டால் அதற்குள்ளும் அதே ரீங்காரம். பக்கத்து வீட்டுக் கிணற்று மோட்டார். முக்கால் மணி நேரம் ஓடி நின்றது. அதற்குமேல் எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. நான்காம் நாள் பொறுமை இழந்து, இருட்டோடு போய் அவர் வாசலில் நின்று கத்தினேன். அவர் திகைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு எட்டு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மோட்டார் மட்டும் தினமும் ஓடியது. கடைசியில் அதைத் தீர்த்தவை நான்கு ரப்பர் துண்டுகள், ஒரு முழ நீள ஓஸ், நேரத்தில் ஒரு சிறு மாற்றம். அவ்வளவுதான்.

அந்த எட்டு மாதத்தை இன்னொருவர் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றுச் சொந்த மண்ணுக்குத் திரும்புகிறவர்களும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் மாற்றலாகி வருகிற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் முதல் ஆண்டில் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

இந்த மண்ணில் முறை என்ற சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் கல்லணையிலிருந்து காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் முறை வைத்துத்தான் திறப்பார்கள். கிளை வாய்க்காலிலும் அதே ஏற்பாடுதான்: இன்று இரவு உன் வயலுக்கு, நாளைப் பகல் என் வயலுக்கு. யாரும் ஆற்றையே கேட்பதில்லை, தன் முறையைத்தான் கேட்கிறார்கள். சத்தத்தையும் இப்படிப் பேசினால் இங்கே எல்லோருக்கும் உடனே புரிகிறது. “சத்தம் போடாதீர்கள்” என்று தொடங்கினால் சண்டை வரும். “இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை எங்கள் முறையாக விட்டுக்கொடுங்கள்” என்றால் உட்கார்ந்து பேசுவார்கள். சட்டம் இரவு என்று சொல்வதும் அதே எட்டு மணி நேரத்தைத்தான்.

முதலில்: எது பருவச் சத்தம், எது அன்றாடச் சத்தம்?

வந்த முதல் மாதத்தில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் புகார் எழுதக் கிளம்பாதீர்கள். டெல்டாவின் சத்தங்களில் பாதிக்குப் பஞ்சாங்கம் உண்டு.

ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கான வழக்கமான நாள். அதை ஒட்டி உழவு தொடங்கும். சேற்றில் ஓட்டுவதற்கான இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர் தெருவில் போனால் ஜன்னல் கம்பி அதிரும். செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடை. தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை. அறுவடை இயந்திரம் காலைப் பனி காய்ந்த பிறகுதான் வயலில் இறங்க முடியும். அதனால் வேலை பின்னிரவு வரை நீளும், மழை வரும் போலிருந்தால் விடிய விடிய ஓடும். வாடகை மணிக்கணக்கு, நெல் சாய்ந்துவிட்டால் ஓர் ஆண்டின் உழைப்பு சேற்றில் போகும். அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு அருகில் வீடு என்றால் தூற்றும் இயந்திரமும் லாரியும் சில வாரங்கள் இருக்கும். பிறகு அடுத்த போகம் வரை அந்தக் களம் ஆடு படுக்கும் இடமாகிவிடும்.

ஆடியில் அம்மன் கோயில்கள், மார்கழியில் விடியற்காலைத் திருப்பாவை, முகூர்த்த நாட்களில் கெட்டிமேளம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. சாவு வீட்டுக் கொட்டு எந்த நேரத்திலும் கேட்கும். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். சட்டையை மாட்டிக்கொண்டு போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வாருங்கள். தெருவில் உங்களை மனிதராகப் பார்க்கத் தொடங்குவது அன்றுதான்.

தொழிலின் சத்தம் வேறு. சுவாமிமலையில் வீடு பிடித்தால் சிலைக்குச் சீவுளி வைக்கும் ஒலி கேட்கும், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை, திருபுவனத்தில் பட்டுத்தறி. நாகஸ்வரக் குடும்பத்துக்குப் பக்கத்து வீடு என்றால் விடியலில் சாதகம். இவை உங்களுக்கு முன்பே பல தலைமுறைகளாக அந்தத் தெருவில் இருப்பவை. எனக்கு இதில் ஒரு கண்டிப்பான கருத்து உண்டு: கைத்தொழிலின் ஒலியைக் குறைக்கச் சொல்லும் உரிமை குடிவந்தவருக்குக் கிடையாது. ஆனால் அதே பட்டறையில் நள்ளிரவில் மின்சாரக் கிரைண்டர் ஓடினால் நேரம் கேட்பதில் தவறில்லை. உளிக்கு உள்ள மரியாதை இரவு பதினொரு மணி இயந்திரத்துக்குச் சேராது.

இவை நீங்கலாக மிஞ்சுவதுதான் நம் பிரச்சினை. தண்ணீர் மோட்டார், மாவு மில், அரிசி ஆலையின் உமி ஊதி, கல்யாண மண்டப ஜெனரேட்டர், டைல்ஸ் அறுப்பு, வெல்டிங் பட்டறை, மாடி வீட்டுப் பெட்டி ஒலிபெருக்கி.

வீடு இன்னும் பார்க்கவில்லை என்றால்

தரகர் உங்களைப் பகல் பதினொரு மணிக்குத்தான் அழைத்துப் போவார். இரவு பத்துக்கு ஒரு முறையும் விடியற்காலை ஐந்துக்கு ஒரு முறையும் தனியாகப் போய் நில்லுங்கள். முகூர்த்த நாள் ஒன்றிலும் போங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று. அப்போது ஆலைக்குக் கிழக்கே உள்ள வீடுகளுக்குச் சத்தம் கூடுதலாகக் கேட்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று. அப்போது தெற்கிலும் மேற்கிலும் இருப்பவர்களுக்குத் தொல்லை. ஆடியில் அமைதியாக இருந்த வீடு என்று முன்பணம் கொடுத்தவர் கார்த்திகையில் தலையில் கைவைப்பது இதனால்தான். மார்கழி, தை இரவுகளில் தரை குளிர்ந்து, அதன்மேல் காற்று சற்று வெதுவெதுப்பாக நிற்கும். மேலே போகிற ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே வரும். மேடு பள்ளம் இல்லாத வயல்வெளியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. மூன்று வயல் தாண்டிய ஊரின் பாட்டு உங்கள் கொல்லையில் பாடுவதுபோல் கேட்பதற்கு ஒலிபெருக்கிக்காரர் மட்டும் காரணம் அல்ல.

பழைய தெருக்களில் பத்திரத்தை வாங்கிப் பொதுச்சுவர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் என்றால் அந்தப் பக்கத்து மோட்டாரும் அம்மியும் உங்களுடையவை போலத்தான்.

இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், என்ன சத்தம், எந்த அறையில் கேட்டது, ஜன்னல் திறந்திருந்ததா சாத்தியிருந்ததா, அதனால் என்ன கெட்டது. “மிகவும் தொல்லை” என்று எழுதாதீர்கள். “மார்ச் 4, இரவு 11.20 முதல் 12.50 வரை, ஜெனரேட்டர், பின்னறை, தேர்வுக்குப் படிக்கும் பெண் கூடத்துக்கு மாறினாள்” என்று எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் உங்களுக்கே சில உண்மைகள் தெரியும். எங்கள் நோட்டில், தினமும் என்று நான் நினைத்த மாவு மில் சத்தம் வாரத்தில் இரண்டு நாள்தான் இரவில் வந்திருந்தது. தினமும் என்று போய்ச் சொல்லியிருந்தால் அவர் ஒரே வார்த்தையில் என்னைப் பொய்யனாக்கியிருப்பார்.

கைபேசியில் டெசிபல் காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. அவை சரிபார்க்கப்பட்ட கருவிகள் அல்ல, அதிகாரியிடம் சான்றாக நிற்காது. ஆனால் மோட்டார் ஓடும்போதும் நின்றபோதும் ஒரே கைபேசியில், ஒரே இடத்தில் அளந்தால் வித்தியாசம் தெரியும். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தமாகப் படும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்களைப் பாருங்கள்.

அதே இரண்டு வாரத்தில் ஒரு சோதனையும் செய்யுங்கள். சத்தம் வரும்போது ஜன்னல்களையெல்லாம் சாத்துங்கள். நன்றாகக் குறைந்தால் அது காற்று வழியே வருகிறது. குறையவே இல்லை, சுவரில் உள்ளங்கையை வைத்தால் அதிர்கிறது என்றால் அது கட்டடத்தின் வழியே வருகிறது. மருந்து இரண்டுக்கும் வேறு. இது தெரியாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கனமான திரை வாங்கித் தொங்கவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போய்ப் பேசுவது

சத்தம் வரும் நேரத்தில் போகாதீர்கள். என் நான்காம் நாள் தவறு அதுதான். மறுநாள் மாலை, அவர் வேலை முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது போங்கள். கூட்டமாகப் போனால் பஞ்சாயத்து வைத்ததாகிவிடும். நீங்களும் வீட்டாரும் போனால் போதும். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுதுவதைப் போலக் கெடுதல் வேறில்லை. நூறு பேர் பார்த்த பிறகு எந்த மனிதரும் இறங்கி வரமாட்டார்.

வயதுக்கு ஏற்றபடி அண்ணே, ஐயா, அக்கா என்று தொடங்குங்கள். ‘சார்’ என்று தொடங்கினால் அதிகாரியிடம் மனு கொடுக்கும் தொனி வந்துவிடும். குற்றம் சொல்லாமல் உங்கள் பக்கத்தில் நடப்பதைச் சொல்லுங்கள்: “அண்ணே, விடியற்காலை மோட்டார் ஓடும்போது எங்கள் சுவர் முழுக்க அதிர்கிறது. அம்மாவுக்கு அந்தப் பக்கம்தான் கட்டில். ஒரு தடவை வந்து கை வைத்துப் பாருங்கள்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். சத்தம் போடுகிறவருக்குச் சுவரின் அந்தப் பக்கம் என்ன கேட்கிறது என்று பெரும்பாலும் தெரியாது. எங்கள் வீட்டில் அது தற்செயலாக நடந்தது. எட்டாவது மாதம் என் தாயாருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, பேச்சு இல்லை என்பதையும் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வந்தார். கட்டில் அருகே அவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் மனைவி மோட்டாரைப் போட்டார். அவர் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார், எழுந்து கை வைத்தார். “இதுவா?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் பூ வியாபாரி. ஐந்து மணிக்குச் சந்தைக்குக் கிளம்பும்முன் தொட்டி நிரம்ப வேண்டும் என்பதற்காகத்தான் நாலேகால். முந்தின இரவு எட்டு மணிக்கே நிரப்பினால் அதே தண்ணீர் காலையில் இருக்கும் என்பது எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. தோன்றுவதற்கு முதலில் பேசியிருக்க வேண்டுமே.

கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பது யாருக்கும் எதையும் சொல்லாது. எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், எத்தனை மணிக்குத் தொடங்கலாம் என்று சொல்லுங்கள். பதிலுக்கு நீங்கள் எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அறுவடைக் காலத்தில் கேட்கமாட்டேன், முகூர்த்த நாளில் பத்தரை வரை பொறுப்பேன் என்பது போல. ஒரு முறை பேசி நிற்காவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பேசுங்கள். மூன்றாவது முறை தெருப் பெரியவர் ஒருவரையோ வார்டு உறுப்பினரையோ கூட அழைத்துப் போகலாம்.

பதிலுக்கு நீங்களும் பாட்டுப் போடுவது, ஒயரைப் பிடுங்குவது, ஓட்டில் கல் எறிவது எதுவும் வேண்டாம். அந்த நிமிடத்திலிருந்து குற்றவாளி நீங்கள்தான்.

மெக்கானிக்கால் தீர்வது

பாதிப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். செலவில் பாதியை நீங்கள் ஏற்பதாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் உங்களிடம் வாங்கமாட்டார், ஆனால் சொன்னது நிற்கும்.

தண்ணீர் மோட்டார் என்றால் அது பொதுச்சுவரை ஒட்டிய மேடையில் இருக்கிறதா என்று பாருங்கள். சுவரிலிருந்து விலகிய தனி மேடைக்கு மாற்றுவது நல்லது. முடியாவிட்டால் நான்கு போல்ட்டுக்கு அடியிலும் கனமான ரப்பர் தகடு வைக்கச் சொல்லுங்கள். மோட்டாரிலிருந்து கிளம்பும் குழாயில் முதல் ஒரு முழத்துக்கு இரும்பு, பி.வி.சி. இல்லாமல் வளையும் ஓஸ் போட்டால் அதிர்வு குழாய் வழியே ஏறாது. குழாயைச் சுவரில் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்குள் பழைய டியூப் ரப்பரைச் சுற்றுங்கள். குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் சிமென்ட் நேராகப் பிடித்திருந்தால் அதை உடைத்து இடைவெளி விடுங்கள். கீச்சென்ற சத்தம் என்றால் பேரிங் தேய்ந்திருக்கும். மாற்றினால் மோட்டாருக்கும் ஆயுள் கூடும், அதைச் சொன்னால் உரிமையாளர் உடனே ஒத்துக்கொள்வார். எங்கள் வேலை ஒரு பகலில் முடிந்தது. செலவு ஆயிரத்தைத் தொடவில்லை.

ஜெனரேட்டரில் முதலில் பார்க்க வேண்டியது கூண்டின் கதவு. 2005 ஜனவரிக்குப் பிறகு தயாரான, 1000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள் ஒலித்தடுப்புக் கூண்டோடுதான் வர வேண்டும். கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆனால் சூடேறுகிறது என்று ஆபரேட்டர் கதவைத் திறந்து போட்டுவிடுவார், கூண்டு இருந்தும் பயனில்லை. மண்டப மேலாளரிடம் இதை மட்டும் சொல்லி, புகைக்குழாயை வீடு இல்லாத பக்கம் திருப்பச் சொன்னால் பெரிய மாற்றம் தெரியும். வாடகைக்கு வரும் பழைய கூண்டில்லாத வண்டிகளை மறுக்கச் சொல்லுங்கள்.

அரிசி ஆலையிலும் மாவு மில்லிலும் இயந்திரத்தைவிட அதைச் சுற்றியுள்ள தளர்ந்த தகரம் அதிகம் சத்தம் போடும். கூரைத் தகடு, உமி ஊதியின் குழாய், பெல்ட் மூடி எல்லாவற்றுக்கும் திருகு இறுக்கினாலே பாதி அடங்கும். லாரியிலிருந்து மூட்டை இறக்குவதை இரவு பத்துக்குள் முடிக்கும்படி தனியாகக் கேளுங்கள். இயந்திரத்தை நிறுத்த மறுப்பவரும் இதை ஒப்புக்கொள்வார்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஒலி முதலில் நுழைவது இடுக்குகளில்தான். பழைய தேக்கு ஜன்னலின் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். கதவுக்கு மேலே வென்டிலேட்டர், ஓட்டு வீடு என்றால் சரத்துக்கு நடுவே வெளிச்சம் தெரியும். அவற்றை அடைப்பது திரை வாங்குவதைவிடப் பலன் தரும். முற்றம் வைத்த வீட்டில் படுக்கையை எதிர்த் தாழ்வாரத்து அறைக்கு மாற்றிப் பாருங்கள். மதில் எழுப்பினால் அது சத்தம் வரும் இடத்தைக் கண்ணிலிருந்து மறைக்கிற உயரம் இருக்க வேண்டும். ஒரு வரிசைச் சவுக்கோ மூங்கிலோ நட்டால் மனதுக்கு ஆறுதல், காதுக்கு அல்ல.

ஒலிபெருக்கி

கோயில், தேவாலயம், பள்ளிவாசல், கட்சிக் கூட்டம், பூப்புனித நீராட்டு எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 என்பவைதான் அடிப்படை. எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை, மூடிய அரங்குக்குள் தவிர, அனுமதி பெற்றிருந்தாலும் கூடாது. திருவிழா, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்காக ஓர் ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. 2000 ஆகஸ்டில், சென்னையிலிருந்து போன ஒரு வழிபாட்டிட வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நடைமுறையில் நீங்கள் பார்க்க வேண்டியவர் மைக்செட்காரர். விழாக் குழுவிடம் போனால் கௌரவப் பிரச்சினை ஆகலாம். மைக்செட்காரரிடம், “தம்பி, அந்தக் குழாயை வயல் பக்கம் திருப்பிக் கட்டு, எங்கள் தெருவுக்குச் சின்னப் பெட்டி போதும்” என்று கொடி ஏறும் முன் நாளே சொன்னால் பெரும்பாலும் செய்துவிடுவார். கூம்புக் குழாய் ஒலியைத் தூரம் தள்ளுவதற்கென்றே செய்தது. அருகில் இருப்பவர் கேட்பதற்குப் பெட்டியே போதும். விழாவுக்கு வரி கொடுங்கள், ஒரு நாள் மண்டகப்படிக்கும் போய் நில்லுங்கள். பிறகு மார்கழியில் நாலரை மணிப் பாட்டை ஆறு மணிக்கு மாற்றும்படி நிர்வாகியிடம் கேளுங்கள்.

இங்கே ஒன்றை மனதார வேண்டிக் கேட்கிறேன். ஒரு தெருவின் கோயில் குழாய் மட்டும் உங்கள் காதை உறுத்தி, இன்னொரு தெருவினது பக்தியாகக் கேட்டால், மனு எழுதும் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். டெல்டாவின் ஊர்களில் தெருவுக்கும் தெருவுக்கும் நடுவே பழைய காயங்கள் உண்டு. உங்கள் தூக்கத்துக்காக எழுதிய மனுவை வேறு யாரோ தங்கள் வஞ்சத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். எழுதுவதானால் எல்லாக் குழாய்க்கும் சேர்த்து எழுதுங்கள்.

அலுவலகங்களுக்குப் போகும் வரிசை

பேசியும் மாறவில்லை என்றால் சட்டத்தின் அளவுகள் உதவும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அறிவிக்கப்படும் அமைதி மண்டலத்தில் 50, 40. இவை குறிப்பிட்ட நேரத்துக்கான சராசரி, ஒரு நொடியின் உச்சம் அல்ல. தனியார் இடத்து ஒலிக்கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் செய்யலாம். இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறினாலே, அளந்து காட்டாமலும் புகார் செய்யலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களுக்கும் தடை உண்டு.

இன்றிரவே தாங்க முடியவில்லை என்றால் 100 அல்லது 112. தெரு, அடையாளம், எத்தனை மணியிலிருந்து, என்ன சத்தம் என்று நான்கு வாக்கியத்தில் சொல்லுங்கள். வருகிற காவலர் அநேகமாக நிறுத்திவிட்டுப் போவார். தொடர்ந்து வருவதற்குக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புகார் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத மனு எங்கேயும் நிற்காது.

ஆலை, பட்டறை போன்ற தொழிலகங்களுக்கு, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுதுங்கள். முறையான கருவியோடு வந்து அளப்பவர்கள் அவர்கள்தான். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்தாலும் மனு அவர்களுக்குப் போகும், கூடவே ஓர் எண்ணும் கிடைக்கும். முதல்வரின் உதவி எண் 1100-லும் பதியலாம். ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கப்பட்டதா என்று தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

மனுவை ஒரு பக்கத்துக்கு மேல் நீட்டாதீர்கள். நான் பின்னால் ஒரு மண்டப ஜெனரேட்டருக்காக எழுதியதன் நடுப்பகுதி இது: “எங்கள் தெருவை ஒட்டிய மண்டபத்தில் கூண்டுக் கதவு திறந்த நிலையில் ஜெனரேட்டர் இயக்கப்படுகிறது. ஜனவரி 20 முதல் பிப்ரவரி 12 வரை ஒன்பது இரவுகளில் 10 மணிக்குப் பின்னும் ஓடியது. நேர விவரம் இணைப்பில். நிர்வாகியிடம் இரண்டு முறை நேரில் தெரிவித்தோம். மண்டபம் மூடப்பட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கதவை மூடி இயக்கவும், இரவு 10 மணிக்குப் பின் இடத்தை மாற்றி வைக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம்.” ஏழு வீட்டார் கையெழுத்திட்டோம். ‘மூடக் கேட்கவில்லை’ என்ற வரியைப் படித்துவிட்டு அந்த அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார்.

ஏழு கையெழுத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வருவாய்க் கோட்டாட்சியர், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின்கீழ் ஒரு தொழிலை ஒழுங்குபடுத்தவோ நிறுத்தவோ உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆம் பிரிவு. ஆனால் அது ஊரார் பலருக்கு ஏற்படும் தொல்லைக்குத்தான். உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் வரும் தொல்லை என்றால் வழி உரிமையியல் நீதிமன்றம், உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) வழக்கு. ஆலை உங்களுக்கு முன்பே இருந்தது என்பது சட்டப்படி அவருக்கு முழு விலக்கு ஆகாது. ஆனாலும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அந்த ஆண்டுகளிலெல்லாம் நீங்கள் அதே வாய்க்காலில் தண்ணீர் எடுக்க வேண்டும், அதே கடையில் பால் வாங்க வேண்டும்.

ஆகவே வழக்குக்கு முன் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். உதவி எண் 15100. வழக்குப் போடாமலே இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள், கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. உடன்பாட்டுத் தாளில் ‘சத்தம் குறைக்கப்படும்’ என்று எழுத விடாதீர்கள். எந்த இயந்திரம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்த நாட்களுக்கு விலக்கு, கூண்டுக் கதவு, ரப்பர் தகடு என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வீடோ ஆலையோ கைமாறினால், புதியவர் மோட்டார் பொருத்தும் முன், முதல் வாரத்திலேயே அந்தத் தாளோடு போய் அவரைப் பாருங்கள்.